தேயிலை இஸ்டோருக்கு உற்பத்தி அட்டவணை: பவர் பிஐ மேட்ரிக்ஸில் எப்படிக் கட்டுவது?

கொழுந்துக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஆபீசில் வேலை பார்க்கிறேன். கொழுந்தை ரோலரில் உருட்டித் தூள் போடும், அதாவது தேயிலைத் தூள் செய்யும், பழைய முறை இஸ்டோர்தான்.

ரோலிங் அறை வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. டீமேக்கர் ஐயா (தூள் போடும் வேலைக்குப் பொறுப்பானவர்) ஒவ்வொரு நாளும் பொழுதுபட அதில் கட்டம் போடுவார். இடது பக்கம் ரோலர் 1 முதல் 4 வரை, அதற்குக் கீழே ரோல் பிரேக்கர் (உருட்டியதை உதிர்த்துச் சலிப்பது), ட்ரையர் (உலர்த்துவது). மேலே அரைமணி அரைமணியாக நேரம். கட்டத்துக்குள் எத்தனையாவது சார்ஜ் (ரோலரில் ஒரு தடவை போடும் கொழுந்து) என்று எழுதுவார். காலையில் அழித்துவிடுவார்கள். போன வாரம் என்ன திட்டம் போட்டோம், என்ன நடந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. அதனால் இதைப் பவர் பிஐயில் (தரவை அட்டவணையாகவும் படமாகவும் காட்டும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள்) கொண்டுவா என்று துரை (தோட்ட மேலாளர்) சொல்லியிருக்கிறார்.

பலகையில் இருப்பதை அப்படியே எக்ஸெலில் போட்டு உள்ளே இழுத்தேன். மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, 2.30க்குத் தொடங்கி 4.00 வரை ஓடும் வேலை 2.30 கட்டத்தில் மட்டும் தெரிகிறது. மற்றக் கட்டங்கள் வெறுமை. இரண்டு, நேரம் வரிசையாக நிற்காமல் 1.00, 10.00, 11.00, 2.00 என்று ஓடுகிறது. மூன்றாவதுதான் தலைவலி. திங்கட்கிழமை பறித்த கொழுந்து செவ்வாய் அதிகாலைதான் ரோலருக்குப் போகிறது. திகதி வாரியாகக் கூட்டினால் கொழுந்து ஒரு நாளிலும் தூள் அடுத்த நாளிலும் விழுகிறது. அவுட்டேர்ன் (100 கிலோ கொழுந்துக்கு எத்தனை கிலோ தூள் என்பது) ஒரு நாள் 17 காட்டுகிறது, மறுநாள் 29 காட்டுகிறது. இப்படி ஒரு இஸ்டோர் உலகத்தில் இருக்காது.

யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

ஊவாக்காற்று

தங்கச்சி, பண்டாரவளையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் இஸ்டோரிலும் இதே வேலைதான் செய்து வைத்திருக்கிறோம், ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மூன்று பிரச்சினைக்கும் வேர் ஒன்றே. பலகையின் உருவத்தை அப்படியே தரவாக உள்ளே கொண்டுவந்திருக்கிறீர்கள். பலகை என்பது கண்ணுக்கு. தரவு வேறு மாதிரி இருக்க வேண்டும். கட்டம் கட்டமாகக் காட்டுகிற வேலையைப் பவர் பிஐயின் மேட்ரிக்ஸ் என்ற கட்ட அட்டவணை பார்த்துக்கொள்ளும். நீங்கள் சேமிக்க வேண்டியது நீளமான ஒரு பட்டியல்.

ஒரு சார்ஜ், ஒரு இயந்திரத்தில், ஒரு தடவை ஓடினால் அது ஒரு வரி. அந்த வரியில் இவை போதும்: கொழுந்துத் திகதி, சார்ஜ் எண், என்ன வேலை, எந்த இயந்திரம், ஆரம்பம், முடிவு, இது திட்டமா நடந்ததா. அவ்வளவுதான். நேரத்தைத் தலைப்பாகப் போட்ட எந்த நெடுவரிசையும் இருக்கக் கூடாது. நேரம் தலைப்பில் போய்விட்டால் நாளைக்கு 1.30 என்ற தலைப்பு மாறினாலோ இல்லாமல் போனாலோ பவர் குவரி (தரவை உள்ளே இழுத்துச் சீராக்கும் பகுதி) முறிந்துவிடும்.

ஏற்கனவே பலகை வடிவில் பதிந்து வைத்த பழைய எக்ஸெல்கள் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பவர் குவரியில் திகதி, இயந்திரம் இரண்டு நெடுவரிசையையும் தெரிவு செய்து, ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’ கொடுங்கள். கட்டங்கள் எல்லாம் வரிகளாக இறங்கிவிடும். பிறகு ஒவ்வொரு சார்ஜுக்கும் குறைந்த நேரத்தை ஆரம்பமாகவும், கூடிய நேரத்தோடு அரைமணி சேர்த்து முடிவாகவும் தொகுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஒவ்வொரு வரியிலும் கொழுந்துத் திகதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொன்னது அதற்காகத்தான். செவ்வாய் அதிகாலை 2.30க்கு ரோலர் ஓடினாலும் அது திங்கட்கிழமைக் கொழுந்து. அந்த வரிக்குத் திங்கள்தான் திகதி. கலண்டர் அட்டவணையோடு அந்தத் திகதியைத்தான் தொடுக்க வேண்டும். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஏறத்தாழ 21, 22 கிலோ தூள் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. கொழுந்துத் திகதிப்படி கூட்டினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தானாக வந்து நிற்கும். வராவிட்டால் அன்றைக்கு உண்மையிலேயே எங்கோ கோளாறு, நிறுவையிலோ கொழுந்தின் ஈரத்துக்குக் கழிக்கும் கிலோவிலோ. அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்த அட்டவணையே.

நானுஓயா நண்பன்

ஒரு சந்தேகம். இதையெல்லாம் எக்ஸெலிலேயே செய்யலாமே? கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் ஆரம்பம், முடிவு பார்த்து நிறம் போடும் சூத்திரம் ஒன்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும். எங்கள் இஸ்டோரில் அப்படித்தான் ஓடுகிறது. பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம்தான், ஆனால் துரைக்கும் மற்றவர்களுக்கும் இணையத்தில் பகிர வேண்டுமென்றால் ஆளுக்கொரு ப்ரோ உரிமம் எடுக்க வேண்டும். ஒரு இஸ்டோருக்கு அது தேவையா?

ஊவாக்காற்று

ஒரு இஸ்டோர், ஒரு இரவு, ஒரு ஆள் பார்ப்பது என்றால் எக்ஸெல் போதும், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவிகிறபோது எந்த ரோலர் எத்தனை மணி ஓடியது, போன வருடம் இதே வாரம் எப்படி, எந்தெந்த இரவுகளில் ட்ரையர் திட்டத்தை விடப் பிந்தியது என்று கேள்வி வரும். அந்தக் கேள்விகளுக்கு ஒரு தாளுக்கு ஒரு இரவு என்று வைத்திருக்கும் எக்ஸெல் பதில் சொல்லாது.

பதிவு செய்வது எக்ஸெலில்தான் இருக்கட்டும். இரவு வேலைக்கு இருப்பவருக்கு அதுதான் கைக்குப் பழகியது. அந்த எக்ஸெலை ஒன்டிரைவில் வையுங்கள், இஸ்டோர் கம்ப்யூட்டரின் சீ டிரைவில் வைக்காதீர்கள். உள்ளூர்க் கம்ப்யூட்டரில் இருந்தால் கேட்வே என்று இணையத்தோடு இணைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்டிரைவில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நம் பக்கம் மழைக்கு இணைய லைன் போனாலும் பதிந்தது கம்ப்யூட்டரில் நிற்கும், லைன் வந்ததும் மேலே ஏறிவிடும்.

பழைய டீமேக்கர்

பிள்ளைகள் பேசுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தூரம். ஓய்வு பெறும்வரை டிம்புள்ளைப் பக்க இஸ்டோர்களில்தான் இருந்தேன். பலகையில் கட்டம் போட்டவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

மகள், உங்கள் பட்டியலில் ரோலர் மேலே, ட்ரையர் அடியில் இருக்கிறது. வேலை நடக்கிற வரிசை அதுதான். ஆனால் திட்டம் போடுகிற வரிசை அது அல்ல. முதலில் ட்ரையரைப் பார்க்க வேண்டும். ஒரு சார்ஜில் வருகிற டூலை (உருட்டிச் சலித்து வரும் ஈரத் தூள்) ட்ரையர் வாங்கி முடிக்க 40 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ரோலர் சும்மா நிற்கிறதே என்று 30 நிமிடத்துக்கு ஒரு சார்ஜ் போட்டால் என்ன ஆகும்? இரண்டாவது சார்ஜ் 10 நிமிடம் காத்திருக்கும், மூன்றாவது 20, ஏழாவது சார்ஜ் முழுதாக ஒரு மணித்தியாலம் தரையில் கிடக்கும். புளிப்பு நேரம் (உருட்டிய கொழுந்து காற்றுப் பட்டு நிறம் மாறும் நேரம்) ரோலரில் கொழுந்தைப் போட்ட நிமிடத்திலிருந்தே எண்ணப்படுகிறது. ஒரு மணித்தியாலம் கூடிவிட்டால் தண்ணீரின் நிறம் மங்கி, அந்த மலைத் தேயிலைக்கே உரிய துடிப்பு போய்விடும். கொழும்பு ஏலத்தில் அது விலையில் தெரியும். கடைசி இரண்டு மூன்று சார்ஜுக்குத்தான் இந்தக் கேடு வரும், காரணம் யாருக்கும் விளங்காது, கொழுந்து சரியில்லை என்று மலையைக் குறை சொல்வார்கள். உங்கள் கம்ப்யூட்டர் அட்டவணை இதைக் காட்டினால் அதுவே பெரிய வேலை.

இரண்டாவது, வாட்டல், அதாவது உருட்டுவதற்கு முன் கொழுந்தைக் காற்றில் வாட வைப்பது. 12 மணித்தியாலம், 14, மழை நாளில் 18 வரைகூடப் போகும். மாலையில் போடுகிற திட்டம் ஒரு மதிப்பீடுதான். இரவு 12க்கும் 1க்கும் ட்ரஃபில் (கொழுந்து வாடும் தொட்டி) கை விட்டு, ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்போம். கையைத் திறந்ததும் உருண்டை குலையாமல் மெதுவாக விரிய வேண்டும், தண்டு மடங்க வேண்டும், முறியக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் முதல் சார்ஜ் எத்தனை மணிக்கு என்று முடிவு. பழைய நேரத்தை அழித்துப் புது நேரம் எழுதுவோம். உங்கள் கம்ப்யூட்டரில் அந்த மாற்றத்துக்கு இடம் இருக்கிறதா?

ஊவாக்காற்று

ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான பதிவு உங்களுடையது. இடம் இருக்கிறது, கட்டாயம் இருக்க வேண்டும். ‘திட்டமா நடந்ததா’ என்று நான் எழுதிய நெடுவரிசையில் மூன்று சொல் வரட்டும்: மாலைத் திட்டம், வாட்டல் பார்த்த பின், நடந்தது. பழையதை அழிக்காமல் புது வரிகளாகச் சேருங்கள். மேட்ரிக்ஸில் இயந்திரத்துக்குக் கீழே இந்த மூன்றையும் விரித்தால் மூன்று கோடுகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நிற்கும். மாலைத் திட்டத்துக்கும் வாட்டல் பார்த்த பின் போட்டதற்கும் உள்ள தூரம் வானிலையின் கணக்கு. அதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம்தான் இஸ்டோரின் கணக்கு. இரண்டையும் சேர்த்து வைத்தால் மழைக்கு விழுந்த பழி ஆட்கள் மேல் வரும்.

ட்ரையர் விஷயத்தில் ஐயா சொன்ன இடைவெளியை ஒரு சின்னத் தனி அட்டவணையில் வையுங்கள். இரவு ஒன்றுக்கு ஒரு வரி: கொழுந்துத் திகதி, முதல் சார்ஜ் நேரம், இடைவெளி நிமிடம், மொத்தச் சார்ஜ். அதை வைத்துப் பவர் குவரி எல்லா வரியையும் தானே உண்டாக்கும். ஐந்தாவது சார்ஜின் ஆரம்பம் என்பது முதல் சார்ஜ் நேரத்தோடு நான்கு இடைவெளி. முந்தின வரியைப் பார்த்து அடுத்த வரியைக் கணக்கிடுவது டேக்ஸில் (பவர் பிஐயின் சூத்திர மொழி) படாத பாடு, வட்டச் சார்பு என்று பிழை காட்டும். சார்ஜ் எண்ணில் ஒன்றைக் குறைத்து இடைவெளியால் பெருக்கினால் முந்தின வரியே தேவையில்லை.

கண்டித்தரவு

நான் கண்டியில் தையல் தொழிற்சாலை ஒன்றுக்கு ரிப்போர்ட் செய்கிறேன். எங்களுக்குக் கப்பல் ஏறும் நாள் முதலில் தெரியும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடுவோம். உங்களுக்குக் கொழுந்து வந்து தள்ளுகிறது, முன்னோக்கி எண்ண வேண்டும். ஆனால் கட்டம் நிரப்பும் நுட்பம் ஒன்றுதான். அதை விளக்கமாக எழுதுகிறேன், முதல் கேள்விக்கு இன்னும் யாரும் முழுப் பதில் சொல்லவில்லை.

ஒரு கட்டம் மட்டும் நிரம்புவதற்குக் காரணம், நேர அட்டவணையை ஆரம்ப நேரத்தோடு தொடுத்திருப்பீர்கள். அந்தத் தொடுப்பை அறுத்துவிடுங்கள். நேரக்கட்ட அட்டவணை யாரோடும் உறவில்லாமல் தனியாக நிற்க வேண்டும். ஒரு வேலை இந்தக் கட்டத்தில் விழுகிறதா என்பதை மெஷர் (காட்டும் இடத்திலேயே கணக்கிடும் சூத்திரம்) தீர்மானிக்கும்.

நேரத்தை நேரமாக வைக்காமல் நிமிடமாக வையுங்கள். கொழுந்துத் திகதியின் நள்ளிரவு 0. அன்று மாலை 6.00 என்பது 1080. மறுநாள் பிறக்கும் நள்ளிரவு 1440. அதிகாலை 2.30 என்பது 1590. இப்படி எழுதிவிட்டால் நள்ளிரவு தாண்டுகிற பிரச்சினையே இல்லை, எண் ஏறிக்கொண்டே போகும். முழு எண்ணாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பவர் பிஐ உள்ளே நேரத்தை நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. அரைமணி என்றால் 48இல் ஒரு பங்கு. அந்தப் பின்னத்தைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாது. 3.00 மணிக்கு முடிந்த வேலையையும் 3.00 மணிக்குத் தொடங்கும் கட்டத்தையும் ஒப்பிடும்போது, கண்ணுக்குத் தெரியாத மிகச் சின்ன வித்தியாசத்தால் அந்தக் கட்டமும் நிறைந்துவிடலாம். நிமிட எண்ணில் 1620 என்றால் 1620தான்.

ஜெனரேட்சீரீஸ் என்ற டேக்ஸ் கட்டளை கொண்டு 1440 முதல் 2250 வரை 30 தாண்டலில் ஒரு அட்டவணை செய்யுங்கள். 28 கட்டங்கள் வரும், நள்ளிரவிலிருந்து பகல் 2.00 வரை. பக்கத்தில் ‘அதிகாலை 2.30’ என்று எழுத்தில் ஒரு பெயர் நெடுவரிசை. அதைத் தெரிவு செய்து, ‘சோர்ட் பை காலம்’ போய் நிமிட எண்ணைக் கொடுங்கள். வரிசைப் பிரச்சினை அத்தோடு சரி.

மெஷருக்கு நிபந்தனை இரண்டே இரண்டு. வேலையின் ஆரம்பம், கட்டத்தின் முடிவை விடக் குறைவாக இருக்க வேண்டும். வேலையின் முடிவு, கட்டத்தின் ஆரம்பத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துகிற வரிகளைக் கவுண்ட்ரோஸ் கொண்டு எண்ணுங்கள். சமன் குறி எங்கும் போட வேண்டாம். 1590இல் தொடங்கி 1620இல் முடியும் வேலை 1590 கட்டத்தில் மட்டும் விழும், 1560இலும் விழாது, 1620இலும் விழாது.

கொழுந்துக்கணக்கு

அண்ணா, செய்து பார்த்தேன். கோடு முழுதாக வந்துவிட்டது, நேரமும் வரிசையாக நிற்கிறது. டீமேக்கர் ஐயாவிடம் காட்டினேன், சார்ஜ் எண்ணும் உள்ளே தெரிய வேண்டும் என்றார், கன்கேட்டனேட்எக்ஸ் கொண்டு அதையும் போட்டுவிட்டேன்.

புதுப் பிரச்சினை. எங்கள் முதல் ரோல் 35 நிமிடம். 2.30க்குத் தொடங்கி 3.05க்கு முடிகிறது. 5 நிமிடத்துக்காக 3.00 கட்டம் முழுதும் நிறைகிறது. அடுத்த சார்ஜ் 3.10க்குப் போனால் அதே கட்டத்தில் இரண்டு எண் விழுகிறது. ஒரே ரோலருக்கு இரண்டு சார்ஜ் என்று சிவப்புப் போட்டிருந்தேன், மேட்ரிக்ஸ் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அதோடு அன்று ஓடாத ரோலர் 4 பட்டியலிலேயே இல்லை, காணாமல் போய்விட்டது.

கண்டித்தரவு

ரோலர் 4 எளிது. இயந்திரங்களுக்குத் தனி அட்டவணை ஒன்று வைத்து, மேட்ரிக்ஸ் வரியில் அதன் பெயரைப் போடுங்கள். பிறகு அந்தப் பெயரின் மேல் வலது கிளிக், ‘ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா’. சும்மா நின்ற இயந்திரமும் தெரிய வேண்டும், திட்டத்துக்கு அதுவும் செய்திதான். ஐயா சொன்னபடி ட்ரையரை மேலே கொண்டுவர, அந்த அட்டவணையிலேயே வரிசை எண் ஒன்று கொடுங்கள்.

கட்டத்தின் அகலம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். 5 நிமிடக் கட்டம் போட்டால் துல்லியம் வரும், ஆனால் 168 நெடுவரிசை. போனில் யாராலும் பார்க்க முடியாது. நான் செய்கிற வழி: நேரக்கட்டங்களை 5 நிமிடத் தாண்டலில் செய்து, மணித்தியாலம், கால்மணி, 5 நிமிடம் என்று மூன்று நெடுவரிசை வைப்பேன். மூன்றையும் மேட்ரிக்ஸ் நெடுவரிசையில் அடுக்காகப் போட்டால், துரை மணித்தியாலத்தில் பார்க்கலாம், ரோலிங் அறையில் இருப்பவர் தனக்கு வேண்டிய இடத்தை விரித்துப் பார்க்கலாம். மெஷரில் செலக்டட்வேல்யூ போடாமல், கட்டத்தின் ஆரம்பத்துக்கு மின், முடிவுக்கு மேக்ஸோடு 5 என்று எழுதுங்கள். எந்த அடுக்கில் நின்றாலும் அதே மெஷர் வேலை செய்யும்.

சிவப்பை மட்டும் கட்டத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரே கட்டத்தில் இரண்டு சார்ஜ் அடுத்தடுத்து வருவது மோதல் அல்ல. மோதலை வரியிலேயே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும், அதே இயந்திரம், அதே கொழுந்துத் திகதி, அதே திட்ட வகையில், என் முடிவுக்கு முன் தொடங்கி என் ஆரம்பத்துக்குப் பின் முடிகிற வேறு வரி இருக்கிறதா என்று ஒரு கால்குலேட்டட் காலத்தில் (வரிக்கு வரி கணக்கிட்டுச் சேமிக்கும் நெடுவரிசை) எண்ணி வையுங்கள். அது ஒன்றோ அதற்கு மேலோ என்றால் சிவப்பு. கொழுந்துத் திகதியை நிபந்தனையில் விட்டுவிடாதீர்கள், நிமிட எண் ஒவ்வொரு திகதிக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. அது விடுபட்டால் திங்களும் செவ்வாயும் மோதிக்கொள்ளும்.

வலது பக்கம் மொத்தம் என்று வரும் நெடுவரிசையில் கட்டங்களின் எண்ணிக்கை தேவையில்லை. இஸ்இன்ஸ்கோப் கொண்டு, கட்டத்துக்கு வெளியே நிற்கிறது என்றால் ஓடிய நிமிடங்களின் கூட்டுத்தொகையைக் கொடுங்கள். ரோலர் இரவில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பது அங்கே தெரியும்.

பழைய டீமேக்கர்

ஓடிய நேரம் போதாது. ரோலரில் போட்ட நேரத்திலிருந்து ட்ரையர் வாய்க்குப் போன நேரம் வரை ஒவ்வொரு சார்ஜுக்கும் எத்தனை நிமிடம் என்பதைக் காட்டுங்கள். டீமேக்கருக்கு முதலில் வேண்டியது அந்த எண்.

கொழுந்துக்கணக்கு

செய்கிறேன் ஐயா. சார்ஜ் எண் இரண்டு வேலைக்கும் பொது என்பதால், ரோலிங் வரியின் ஆரம்பத்தையும் ட்ரையர் வரியின் ஆரம்பத்தையும் கழித்தால் வந்துவிடுகிறது. ஒரு சார்ஜில் முதல் டூல், இரண்டாம் டூல், மூன்றாம் டூல், கடைசியில் பிக் பல்க் (சலித்து மிஞ்சும் பெரிய இலை) என்று ட்ரையருக்கு வெவ்வேறு நேரத்தில் போகிறது. எல்லாவற்றுக்கும் தனி வரி போட வேண்டுமா?

பழைய டீமேக்கர்

கட்டாயம் தனித்தனி. ஒவ்வொரு டூலுக்கும் புளிப்பு நேரம் வேறு. நான்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த எண் எதற்கும் உதவாது.

மஸ்கெலியா மழை

நான் இரண்டு நாளாக வாசித்து எங்கள் இஸ்டோருக்கும் செய்ய ஆரம்பித்தேன். பச்சைக் கொழுந்து கிலோவையும் இதே பட்டியலில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தேன். மொத்தம் பார்த்தால் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடம்) நிறுத்த கொழுந்தை விடப் பல மடங்கு காட்டுகிறது. ஏன்?

ஊவாக்காற்று

ஒரு சார்ஜுக்கு ரோலிங் வரி, பிரேக்கர் வரி, டூலுக்கு ஒன்றாக ட்ரையர் வரிகள் என்று ஆறு ஏழு வரி இருக்கிறது. அத்தனையிலும் அதே கிலோ எழுதியிருப்பீர்கள். அத்தனையும் கூடிவிட்டது. திட்ட வகை மூன்று என்றால் மறுபடி மும்மடங்கு.

இந்தப் பட்டியல் நேரத்துக்கு மட்டும். கொழுந்து நிறுவைக்குத் தனி அட்டவணை: கொழுந்துத் திகதி, டிவிசன், காலையா பகலா மாலையா, கிலோ. தூளுக்கு இன்னொன்று: கொழுந்துத் திகதி, தூள் போட்ட திகதி, கிலோ. மூன்றும் கலண்டரோடு கொழுந்துத் திகதியால் தொடுக்கப்படட்டும், ஒன்றோடொன்று நேராகத் தொடுக்க வேண்டாம். அவுட்டேர்ன் என்பது அந்த இரண்டு அட்டவணையின் கூட்டுத்தொகைகளை வகுக்கும் ஒரு மெஷர்.

சலித்துப் பீஓபி, பீஓபிஎஃப் என்று தூளைத் தரம் பிரித்த பிறகு இந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள். பல நாள் தூள் ஒரே பின்னில் (சேமிப்புப் பெட்டி) சேர்ந்து, நிறைந்ததும் ஒரு இன்வாய்ஸாக, அதாவது ஏலத்துக்குப் போகும் ஒரு தொகுதியாகப் பொதி செய்யப்படுகிறது. எந்தச் சார்ஜ் எந்த இன்வாய்ஸில் போனது என்று தேடுவது வீண். பொதி அட்டவணையை இன்வாய்ஸ் எண்ணில் தனியாக வைத்து, ஏலக் கேட்டலாக்குக்குக் கொடுக்க வேண்டிய திகதியிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். அங்கே கண்டி நண்பர் சொன்ன தையல் முறைதான் பொருந்தும்.

மாத முடிவுக்கு ஒரு சொல். ஏப்ரல் 30 கொழுந்து மே 1 காலை தூளாகும். அவுட்டேர்ன் ஏப்ரலுக்குப் போக வேண்டும், தூள் இருப்பு மேக்குப் போக வேண்டும். தூள் அட்டவணையிலிருந்து கலண்டருக்கு இரண்டு தொடுப்பு வையுங்கள். கொழுந்துத் திகதித் தொடுப்பு உயிரோடு இருக்கும், தூள் போட்ட திகதித் தொடுப்பு செயலில் இல்லாமல் புள்ளிக்கோடாக நிற்கும். இருப்புக் கணக்கு மெஷரில் மட்டும் யூஸ்ரிலேஷன்ஷிப் கொண்டு இரண்டாவதை எழுப்புங்கள்.

கொழுந்துக்கணக்கு

எல்லாம் ஓடுகிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. அட்டவணை தானாக அன்றைய இரவைக் காட்டட்டும் என்று டுடே (இன்றைய திகதியைத் தரும் கட்டளை) போட்டேன். என் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி, இணையத்தில் ஏற்றிய பிறகு வேறு மாதிரி. துரை அதிகாலை 4 மணிக்கு போனில் பார்த்தபோது சரியான இரவு இருந்ததாம். 6 மணிக்குத் திறந்தால் வெறுமை. ‘இப்போது’ என்று நான் போட்ட கோடும் பல மணித்தியாலம் பின்னால் நிற்கிறது.

கண்டித்தரவு

இணையத்தில் ஓடும் பவர் பிஐக்கு நம் நாட்டு நேரம் தெரியாது. நவ், டுடே இரண்டும் அங்கே உலகப் பொது நேரத்தில் நடக்கும். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். செவ்வாய் அதிகாலை 4.00 என்றால் அங்கே திங்கள் இரவு 10.30. டுடே திங்கள் என்று சொல்கிறது. உங்கள் கொழுந்துத் திகதியும் திங்கள். தற்செயலாகப் பொருந்திவிட்டது. 5.30க்கு அங்கே செவ்வாய் பிறக்கிறது, அட்டவணை இன்னும் பறிக்காத கொழுந்தைத் தேடுகிறது, வெறுமை. உங்கள் கம்ப்யூட்டரில் டெஸ்க்டொப் உள்ளூர் நேரத்தை எடுப்பதால் அங்கே நள்ளிரவிலேயே தாண்டிவிடும்.

யூடிசிநவ் எடுத்து, ஐந்தரை மணித்தியாலம் கூட்டி, அதிலிருந்து 14 மணித்தியாலம் கழித்து, திகதியை மட்டும் எடுங்கள். பகல் 2 மணிக்குக் கொழுந்து நாள் மாறும். டெஸ்க்டொப்பிலும் இணையத்திலும் ஒரே விடை வரும். இதை மெஷரில்தான் எழுத வேண்டும். கால்குலேட்டட் காலத்தில் எழுதினால் தரவு கடைசியாகப் புதுப்பித்த நேரத்திலேயே உறைந்து நிற்கும்.

புதுப்பித்தல் பற்றியும் துரைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ப்ரோ உரிமத்தில் நாளைக்கு 8 தடவைதான் நேரம் குறித்துப் புதுப்பிக்கலாம். இரவு 10.00, 1.30, 3.00, 4.30, 6.00, 8.00, 11.00, பகல் 2.30 என்று இஸ்டோர் ஓடும் நேரத்தில் நெருக்கி வையுங்கள். பகல் முழுக்கச் சமமாகப் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

நானுஓயா நண்பன்

அப்படியென்றால் ரோலிங் அறையில் பலகை இருக்கத்தான் வேண்டும். 3.00க்கும் 4.30க்கும் நடுவில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை எல்லாச் சார்ஜும் தள்ளும். அதை உடனே எழுத ஒரு இடம் வேண்டும்.

ஊவாக்காற்று

இருக்கட்டும், நாங்களும் எடுக்கவில்லை. இரவில் முடிவு எடுப்பது பலகையைப் பார்த்துத்தான். வாட்டலைக் கையால் பார்த்து நேரம் குறிப்பது டீமேக்கர். பவர் பிஐ அந்த முடிவை எடுக்காது, எடுக்கவும் விடக் கூடாது. பலகையில் எழுதிய நேரத்தை அப்போதே எக்ஸெலில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கிறபோது வாட்டல் நேரம் சட்டென்று குறையும். அந்தக் காலத்தில் வாட்டல் பார்த்த பின் போட்ட வரிகளை இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்து வைத்தால், மாலையில் போடும் முதல் மதிப்பீடே கிட்டத்தட்ட சரியாக வரும். எங்கள் டீமேக்கர் இப்போது மாலையில் போன வருட இதே வாரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பலகையில் கை வைக்கிறார்.

கொழுந்துக்கணக்கு

யூடிசிநவ் போட்டுச் சரி செய்தாயிற்று. ட்ரையர் மேல் வரியில் இருக்கிறது, புளிப்பு நிமிடம் டூல் வாரியாக வலது பக்கம். நேற்று இரவுத் திட்டத்தில் கடைசி மூன்று சார்ஜும் நேரம் கூடி நின்றதைப் பார்த்து, டீமேக்கர் ஐயா இடைவெளியை 35இலிருந்து 40 ஆக்கினார். முதல் சார்ஜை அரைமணி முன்னுக்கு எடுத்தார்.

ஒன்று கேட்டு முடிக்கிறேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதில்லை. போயா இரவு அட்டவணை வெறுமையாக வருகிறது, சரிதான். ஆனால் மறுநாள் காலை 10 மணிக்குத் திறந்தாலும் வெறுமை. துரை பிழை என்று நினைக்கிறார்.

கண்டித்தரவு

மறுநாள் காலை 10க்கு உங்கள் சூத்திரம் போயாவைத்தான் கொழுந்து நாளாக எடுக்கும், அன்று வரி எதுவும் இல்லை. 14 மணித்தியாலம் கழித்து வரும் திகதிக்குச் சமமான நாளைத் தேடாமல், அந்தத் திகதியிலோ அதற்கு முன்னோ பட்டியலில் வரி இருக்கும் கடைசி நாளை மேக்ஸ் கொண்டு எடுங்கள். போயாவுக்கு முதல் நாள் கொழுந்தைத்தானே போயா காலையில் போட்டீர்கள், அந்த இரவு அப்படியே நிற்கும். மேலே ஒரு அட்டையில் ‘கொழுந்துத் திகதி’ என்று அந்த நாளைக் காட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும், தீபாவளி, தைப்பொங்கலுக்கும் இதுவே போதும், விடுமுறைப் பட்டியல் தனியாகத் தேவையில்லை. ஞாயிறு கைக்காசுக்கு எடுத்த கொழுந்து வந்தால் அதற்கு வரி இருக்கும், தானாகவே அந்த நாள் வந்துவிடும்.